கவினுக்கு இங்கிலீஷ், பாப்பாவுக்குத் தமிழ்

1

ஹெலன் எங்கள் வீட்டுக்கு வருவது நேற்றோடு முடிந்தது. தோள்பையில் ஒரு சின்ன கேமராவைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷத்துக்கும் மேலாக வந்துபோனவர். வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் என் மகள் யாழினி கையை ஆட்டி, "போயிட்டு வாங்க" என்றாள்.

ஹெலன் என்னைப் பார்த்தார். அர்த்தம் சொன்னேன்.

"ஆனால் நான் இனிமேல் வரமாட்டேனே?"

"பரவாயில்லை. எங்கள் ஊரில் யாரிடமும் 'போ' என்று மட்டும் சொல்ல மாட்டோம்."

அவர் சிரித்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஹெலன் போனதற்கு அழுகிறேன் என்று என் கணவர் முரளி நினைத்துக்கொண்டார். அது இல்லை. அடுத்த அறையில் என் மகன் கவின், வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயது. தங்கை சொன்ன அந்த இரண்டு வார்த்தை அவனுக்குப் புரியாது. திருச்சியில் பிறந்தவன், முதல் ஒரு வருஷம் தமிழைத் தவிர வேறு எதையும் கேட்டிராதவன்.

ஊரில் இருப்பவர்கள் எங்களைக் கேட்பது குளிரைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும்தான். இதை யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் யாராவது ஒருவர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

கவின் பிறந்தபோது முரளி இங்கே, இங்கிலாந்தில், லீட்ஸில் இருந்தார். விசா தாமதமானதால் நான் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு, கே.கே. நகருக்குப் போனேன். நான் காலேஜில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அதனால் பிள்ளையைத் தூக்க, குளிப்பாட்ட, தூங்கவைக்க அப்பாவும் நானும் மட்டும்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. இரும்பைப் பிடித்துப் பிடித்துத் தடித்த கை. அந்தக் கையில் பிள்ளை படுத்திருந்தால் எனக்குப் பயமே இருக்காது.

பேரனை அவர் "சார்" என்றுதான் கூப்பிடுவார். "என்ன சார், இன்னிக்கு டூட்டி உண்டா? லீவு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

சார் திரும்ப மாட்டார். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பால் குடிக்கும்போதும் என் முகத்தைப் பார்த்ததில்லை. என் தோளுக்கு மேலே, ஜன்னல் வெளிச்சத்தில் கண் இருக்கும். எனக்கு அது முதல் பிள்ளை. பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். லேசாகத் தொட்டால் சிணுங்குவான். அழுத்திப் பிடித்தால் அடங்குவான். இதை அப்பாதான் கண்டுபிடித்தார். "இவருக்கு நட்டை நல்லா முடுக்கணும் கலை. லூசா விட்டா ஆடுது" என்றார்.

அப்படித்தான் அந்த ரயில் விளையாட்டு வந்தது. அப்பா இரண்டு விரலைக் கவினுடைய உள்ளங்கையில் அழுத்தி வைப்பார். "பொன்மலை." விரல் மணிக்கட்டுக்கு நகரும். "திருவெறும்பூர்." முழங்கையில், "பூதலூர்." தோளில், "ஆலக்குடி." அங்கே வண்டி நின்றுவிடும். "சிக்னல் விழல சார். சார் பாத்தாத்தான் சிக்னல்" என்று சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் சரி. அடுப்பில் பால் பொங்கும், கேட்டில் தபால்காரர் நிற்பார், அப்பா எழுந்திருக்க மாட்டார்.

பிள்ளை கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்ப்பான். சுவரைப் பார்ப்பான். கால் உதைக்கும். அப்புறம், மெதுவாக, அப்பாவின் முகத்தைப் பார்ப்பான். கண்ணோடு கண். "தஞ்சாவூர்!" என்று அக்குளில் விரல் பாயும். அவன் சிரிக்கும் சிரிப்பு தெருமுனைவரை கேட்கும்.

ஏழு எட்டு மாதப் பிள்ளை. யாரையும் நிமிர்ந்து பார்க்காதவன், அந்த ஒரு விளையாட்டில் மட்டும் பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியாது. அவருக்குப் பேரன் சிரித்தால் போதும்.

3

விசா வந்தது. கவினுக்கு ஒரு வயது முடியும்போது லீட்ஸ் வந்தோம்.

இங்கே வீடு சின்னது, சுவர் மெலிது. முரளி காலையில் போனால் ராத்திரிதான் வருவார். நானும் பிள்ளையும். பிள்ளை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டு வயதுப் பரிசோதனைக்கு வந்த நர்ஸ் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் கடிதங்கள். 'அன்புள்ள பெற்றோர் அல்லது பராமரிப்பாளருக்கு' என்று ஆரம்பித்து, உங்கள் முறை வரும்வரை பொறுமையாக இருங்கள் என்று முடியும் கடிதங்கள். ஒரு கடிதத்தில் முரளி பெயரைப் பிள்ளை பெயராகவும் பிள்ளை பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டு, எங்கள் பிள்ளைக்கு வரவேண்டிய அப்பாயின்ட்மென்ட் யாரோ ஒரு அறுபத்தைந்து வயதுக்காரருக்குப் போய்விட்டது. அதைச் சரிசெய்யவே அந்தக் கோடைக்காலம் போயிற்று.

கடைசியில் ஒரு அறையில் உட்காரவைத்து ஒரு அம்மா கேள்வி கேட்டார். மென்மையானவர். ஆனால் அவருடைய யார்க்ஷயர் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

"டஸ் ஹீ பாயிண்ட்?"

எனக்கு அது பெயிண்ட் என்று காதில் விழுந்தது. "நோ, ஒன்லி கிரேயான்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு, தன் சுட்டுவிரலை நீட்டி ஜன்னலைக் காட்டினார். எதையாவது வேண்டுமென்று, எதையாவது பார் என்று, விரல் நீட்டிக் காட்டுவானா? அப்போதுதான் புரிந்தது. அப்போதுதான், என் பிள்ளை ஒரு தடவைகூட எனக்கு எதையும் காட்டியதில்லை என்பதும் புரிந்தது. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தது. முரளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதை நாங்கள் எதிர்பார்த்துத்தான் போனோம். எதிர்பார்க்காதது, கவின் போய்க்கொண்டிருந்த நர்சரியில் வேலைசெய்த ஒரு பெண் அடுத்த வாரம் சொன்னது. "இவனுக்கு ஒரு மொழியே கஷ்டம். இரண்டைப் போட்டுக் குழப்பாதீர்கள். வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்." நல்ல மனதோடுதான் சொன்னார். எழுதிக்கூடத் தரவில்லை, பிள்ளையின் கோட்டை மாட்டிவிட்டபடி சொன்னார்.

வீட்டுக்கு வந்து முரளி, "ஸ்கூல்ல இங்கிலீஷ்தானே கலை. அவனுக்கு அது வந்தா போதும். தமிழ் நமக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ்ல கொஞ்சத் தெரியாதுங்க."

"கத்துக்கலாம்."

தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். பஸ்ஸில் ஏற, கடையில் கேட்க, டாக்டரிடம் வயிற்றுவலி சொல்ல இங்கிலீஷ் இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசுவதற்கு இல்லை. 'என் கட்டித்தங்கம், யார் வீட்டு ராஜா நீ, மூக்கைப் பாரு மூக்கை' என்று தானாக வந்துகொண்டிருந்ததெல்லாம் நின்று, "கம் ஹியர். வாட் இஸ் திஸ்? சே ஆப்பிள்" என்று ஆயிற்று. என் குரல் எனக்கே ட்யூஷன் டீச்சர் குரல் மாதிரி கேட்டது. கவினோடு நான் பேசியதெல்லாம் கேள்வியாகவோ உத்தரவாகவோதான் இருந்தது. வேறு வாக்கியம் என்னிடம் இல்லை.

4

கவினுக்கு ஐந்து வயதில் ஊருக்குப் போனோம். அதற்குள் அவன் பேச ஆரம்பித்திருந்தான், இங்கிலீஷில். திருச்சி ஏர்போர்ட் வாசலில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முடியெல்லாம் படிய வாரி நின்றிருந்தார். பேரனைப் பார்த்ததும் குனிந்து, "வாங்க சார்! டூட்டில ஜாயின் பண்ணியாச்சா?" என்றார்.

முரளி அவர் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், "மாமா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. அவன்கிட்ட தமிழ்ல பேச வேணாம்னு அங்க சொல்லியிருக்காங்க. குழம்பிருவானாம்" என்றார்.

"அப்படியா மாப்பிள்ளை? சரி, சரி. சொன்னா சரிதான்." அப்பா நிமிர்ந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அந்த ஒரு மாதமும் அப்பா அதை மீறவில்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் பணிமனை இங்கிலீஷ். ஸ்பேனர், போல்ட், ஓவர்டைம். அதை வைத்துப் பேரனிடம் எதைப் பேசுவது? "கம். சிட். ஈட்." அதற்குமேல் ஓடாது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் வெளியே போய்ப் பேசுவார், தமிழ் பிள்ளை காதில் விழக்கூடாதென்று.

நடுவில் சில நாள் ஸ்ரீரங்கத்தில் முரளியின் தங்கை சுதா வீட்டில் இருந்தோம். வடக்குப் பக்கம், கொள்ளிடத்துக்குப் போகும் வழியில் வீடு. சுதாவுக்கு மனதில் பட்டதைச் சொல்லிவிடும் பழக்கம். நான் கவினுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே "ஈட், ஈட், குட் பாய்" என்று சொல்வதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எங்க தெருவுல நாய்க்குட்டிக்கிட்டதான் இப்படி இங்கிலீஷ்ல பேசுவாங்க" என்றாள்.

"அங்க உள்ளவங்க சொன்னா கேக்கணும்ல சுதா?"

"கேக்கணும்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க முன்னெல்லாம் எவ்ளோ பேசுவீங்க அண்ணி" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கப்புறம் அவளிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை என்று இப்போது படுகிறது.

கே.கே. நகருக்குத் திரும்பி வந்தபின் ஒரு மத்தியானம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் கவின் தரையில் படுத்திருந்தான். அப்பா மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இரண்டு விரலை அவன் உள்ளங்கையில் வைத்தார். மணிக்கட்டுக்கு நகர்த்தினார். முழங்கைக்கு. வாயே திறக்கவில்லை. தோளில் போய் நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் காத்திருந்தார். கவினுக்குத் தன் கையில் ஏதோ ஊர்வது மட்டும்தான் தெரிந்திருக்கும். "நோ டச்சிங்" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தான்.

அப்பா விரலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "மறந்துட்டான் போல" என்றார். "சின்னப் புள்ளையில விளையாண்டது. எங்க ஞாபகம் இருக்கப் போவுது?"

பூதலூருக்கும் ஆலக்குடிக்கும் என்ன மொழி? ஊர்ப் பெயரை எந்த மொழியில் சொன்னாலும் அது ஊர்ப் பெயர்தானே? அதை வாய்விட்டுச் சொல்லுங்களேன் அப்பா என்று எங்கள் யாருக்குமே அப்போது தோன்றவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தோம்.

5

அடுத்த வருஷம் யாழினி பிறந்தாள்.

அண்ணனுக்கு ஆட்டிசம் இருந்தால் தங்கைக்கும் வர மற்றப் பிள்ளைகளைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு திட்டம் இருக்கிறது, ஒருவர் வீட்டுக்கே வந்து தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைத் தாய்க்கே போட்டுக் காட்டுவார், சேர்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"இன்னும் உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள பரீட்சையா?" என்றார் முரளி. ஆனால் பரீட்சை ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருந்தது. வைத்தது நான். பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டி, திரும்புகிறாளா பார்ப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சிரித்தால், என்னைப் பார்த்துச் சிரித்தாளா, சும்மா சிரித்தாளா? அவள் சிரிப்பை ஒரு நாளும் சிரிப்பாக வாங்கிக்கொண்டதில்லை. எடைபோட்டுப் பார்த்தேன்.

ஹெலன் முதலில் வந்தபோது யாழினிக்கு ஆறு மாதம் இருக்கும். தரையில் ஒரு விரிப்பு. நான், பிள்ளை, ஒரு பந்து. கேமராவை ஒரு மூலையில் வைத்துவிட்டு, "வழக்கமாக எப்படி விளையாடுவீர்களோ அப்படி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.

அடுத்த தடவை வந்து அதைப் போட்டுக் காட்டினார். திரையில் நான் பந்தை யாழினியின் முகத்துக்கு நேரே கொண்டுபோகிறேன். "லுக்! யாழினி, லுக்! வாட் இஸ் திஸ்? பால்! லுக் அட் மம்மி!" அவள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

ஹெலன் படத்தை நிறுத்தினார். "இங்கே அவள் என்ன செய்கிறாள்?"

"பார்க்க மாட்டேன் என்கிறாள்." கவின் மாதிரியே, என்று சொல்ல வந்தேன்.

"இதற்கு முன்னால்?"

பின்னுக்கு ஓட்டினார். நான் பந்தை எடுப்பதற்கு முன், யாழினி தன் காலில் இருந்த சாக்ஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்துவிட்டு ஒரு கணம், கண்ணிமைக்கும் நேரம், என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்று ஹெலன் என்னிடம் கடைசிவரை சொன்னதே இல்லை. படத்தை முன்னோக்கி ஓட்டினார். இப்போது சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. நான் கேமராவை மறந்து, "ஐயையோ, விசில் வந்துருச்சுடி என் தங்கம்! பருப்பு குழையப் போவுது, இருடி இருடி, அம்மா ஓடி வந்துர்றேன்" என்று எழுகிறேன். யாழினியின் முகம் மொத்தமும் என்னோடு எழுகிறது. வாய் திறக்கிறது. இரண்டு காலும் உதைக்கிறது. என்னைப் பார்த்து "ஏ" என்று ஒரு சத்தம் போடுகிறாள்.

"இங்கே என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றுமில்லை. பருப்பு வெந்துவிட்டது என்றேன்."

"உங்கள் குரல் வேறு மாதிரி இருக்கிறது. இவளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்?"

"இங்கிலீஷ். மகனுக்காக. அப்படித்தான் பேசச் சொன்னார்கள்."

ஹெலன் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "உங்களிடம் யாரோ அப்படிச் சொன்னதற்கு நான் வருந்துகிறேன்" என்றார். "இரண்டு மொழி பேசுவதால் ஆட்டிசம் வருவதும் இல்லை. ஒன்றை விட்டுவிடுவதால் அது போவதும் இல்லை. உங்களுக்கு எது வாயில் தானாக வருகிறதோ அதில் பேசுங்கள்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிக் கேட்டேன். "அப்போ என் மகன்? அவனோடு தமிழில் பேசியிருந்தால் சரியாகியிருப்பானா?"

"இல்லை" என்றார் உடனே. "தமிழில் பேசியிருந்தாலும் கவின் கவின்தான். ஆட்டிசம் இருந்திருக்கும். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்."

"அப்போ நாங்கள் இழந்தது என்ன?"

நான் அன்றைக்கு அவருக்குக் காபி போடக்கூட மறந்துவிட்டேன்.

6

சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீயும் பார். அவசரப்படாதே. அது ஒரு சத்தம் போட்டால் நீ ஒன்று போடு. பிறகு சும்மா இரு. அதன் முறைக்குக் காத்திரு. ஹெலன் இதைச் சொன்னபோதெல்லாம் எனக்குக் கே.கே. நகர் கூடத்தில் பால் பொங்கப் பொங்க உட்கார்ந்திருந்த மனிதர்தான் கண்ணில் வந்தார். எந்தப் படமும் பார்க்காமல், யாரும் சொல்லாமல், ஆசையால் மட்டும் செய்தார். அதைத்தான் நாங்கள் ஏர்போர்ட் வாசலிலேயே நிறுத்தச் சொன்னோம்.

தமிழுக்குத் திரும்புவதும் அப்படியொன்றும் சுலபமாக இல்லை. முதல் நாள், வீட்டில் யாரும் இல்லாதபோதுகூட வெட்கமாக இருந்தது. சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "என்னடி பண்றே? காலைக் கழட்டிப் பாக்கறியா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். அவள் சாக்ஸை ஆட்டினாள். "குடு, அம்மாவுக்கும் குடு" என்றேன். அன்று மத்தியானம் முழுக்க அந்த ஒரு சாக்ஸோடு போயிற்று. அவளுக்கு ஆட்டிசம் இருக்குமா என்று அன்றைக்கு ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

ஒரு நாள் முரளி வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் நடையிலேயே நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து யாழினியைத் தூக்கி, "என்னடா பட்டு, அம்மா என்ன சொல்றாங்க?" என்றார். வீட்டில் பிள்ளையிடம் அவர் தமிழ் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த உற்சாகத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே கவின் அறைக்குப் போனார்.

"கவின், சாப்பிட்டியாடா கண்ணா?"

கவின் தலையைத் தூக்கவில்லை. "இங்கிலீஷ் ப்ளீஸ், டாடி" என்றான்.

"அப்பா இனிமே தமிழ்லயும் பேசப்போறேன், சரியா?"

இங்கிலீஷில் அவன் தெளிவாக விளக்கினான். கவின் இங்கிலீஷ். பாப்பா தமிழ். அதுதான் ரூல். முரளி இன்னொரு தடவை தமிழில் ஏதோ சொல்லப்போக, காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். விதி மாறினால் அவனுக்குத் தாங்காது. வீட்டில் இங்கிலீஷ் என்பது நாங்களே போட்ட விதி. அதைக் கடைசிவரை காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான்.

முரளி படுக்கையறையில் போய் உட்கார்ந்துகொண்டார். "நான்தானே சொன்னேன் கலை, தமிழ் நமக்குள்ள இருக்கட்டும்னு" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

யாழினி இப்போது பேசுகிறாள். நிறைய. விரல் நீட்டி நிலாவைக் காட்டுகிறாள், குப்பை வண்டியைக் காட்டுகிறாள், காட்டிவிட்டு நாம் பார்க்கிறோமா என்று நம்மைப் பார்க்கிறாள். இந்த வயதில் ஆட்டிசத்துக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். கேமராவும் சாக்ஸும் தமிழும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவள் எப்படியும் இப்படித்தான் வந்திருப்பாளோ என்னவோ, யாராலும் சொல்ல முடியாது என்று ஹெலனே சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவளோடு இருந்த அந்த மாதங்கள் எனக்குக் கிடைத்தன. கவினோடு கிடைக்கவில்லை.

7

போன டிசம்பரில் எல்லோருமாக ஊருக்குப் போனோம். போவதற்கு முன்பே அப்பாவிடம் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "அது தப்பான பேச்சுப்பா. தமிழ்ல தாராளமாப் பேசலாம். கவின் முதல்ல முரண்டு பிடிப்பான். நீங்க மெதுவா ஆரம்பிங்க."

அப்பா யாழினியிடம் வாய் ஓயாமல் பேசினார். அவளும் அவரை விடவில்லை. கவின் பக்கம் திரும்பினால் மட்டும், "ஹலோ, குட்மார்னிங்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். மூன்றாவது நாள் நான் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா அவன்கிட்ட பேச மாட்டேங்கறீங்க?"

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். "கூச்சமா இருக்கு கலை" என்றார். "வளந்துட்டான். நம்ம பேசி அவன் காதைப் பொத்திக்கிட்டான்னா, அதை என்னால பாக்க முடியாது."

நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் கவின் அவரை விட்டு ஒதுங்கவும் இல்லை. கே.கே. நகருக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். வந்த முதல் நாளே அவன் மொட்டைமாடியைக் கண்டுபிடித்துவிட்டான். எந்த விமானம் எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்பதெல்லாம் டேப்லெட்டில் பார்த்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆனால் மேலே போய்விடுவான். தனியாக விடப் பயந்து அப்பாவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவார். இரண்டாம் நாள் கவின் அவரிடம், "ஒன் மோர் சேர்" என்றான். அது அப்பாவுக்குப் புரிந்தது. ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்து போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நான் காபி எடுத்துக்கொண்டு மேலே போனேன். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மன்னார்புரம் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கவின் இங்கிலீஷில் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தான். சிங்கப்பூர் விமானத்துக்கு இன்றிலிருந்து புது நேரம். நேற்றுவரை பழைய நேரத்துக்கு வந்தது. தாத்தாவுக்கு அது தெரியாது. தாத்தா பழைய நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு நாம் போன பிறகு தாத்தா தனியாகத் தப்பான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார், அதனால் சரியான நேரத்தை அவரிடம் சொல்ல வேண்டும்.

தாத்தா என்ற சொல்லை மட்டும் அவன் தமிழிலேயே சொன்னான். அவனுக்கு அது ஒரு பெயர்.

அப்பா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முடித்ததும் என் பக்கம் திரும்பினார். கண்ணில் அவ்வளவு ஆசை.

"என்ன கலை சொல்றான்? என்னைப் பத்தித்தானே ஏதோ சொல்றான்?"

காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். என் அப்பாவுக்கும் என் மகனுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.